முணுமுணு பங்க் அங்கீகாரம் பெற்ற வரலாறு

மலாக்காவின் புக்கிட் காத்திலில் ஒரு வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், சனிக்கிழமை பிற்பகல் தோறும் மூன்று பேர் கூடி உலகத்தின் மேல் தங்களுக்கு இருந்த கோபத்தைக் கொட்டித் தீர்த்து வந்தார்கள். பங்க் என்னும் முரட்டு இசை வாசித்த அந்தக் குழுவின் பெயர் இடிமுழக்கம். பெயருக்குக் குறைவில்லாமல் சத்தம் போட்டார்கள்.

வீடு பால்ராஜுடையது. ஏர்கோன் என்கிற குளிர்சாதனங்களைப் பழுது பார்ப்பவன், வயது முப்பத்து நான்கு. தேவாலயப் பாடற்குழுவில் கித்தார் கற்றுக்கொண்டு, அங்கே கற்றதற்கு நேர்மாறாக இங்கே வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டு எழுதிப் பாடியது அகல்யா; அவனோடு ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். குருபோங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. நாளெல்லாம் மூடிகளை உற்றுப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குக் கோபத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. கோபம் மிஞ்சிய நேரத்தில் பேஸ் கித்தாரும் வாசித்தாள். ட்ரம்ஸ் ஹாசிக். மலாக்கா பட்டணத்தில் அவனுடைய அத்தாவுக்கு மளிகைக் கடை. மூவரில் இளையவன் என்பதால் மற்ற இருவரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு வருடம் இடிமுழக்கம் முழங்கியது. ஒரு சனிக்கிழமை, மேலதிகாரியைத் திட்டும் ‘சரி போஸ்’ என்ற பாட்டின் நடுவில், பக்கத்து வீட்டு சூசன் அக்கா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மருத்துவமனையில் தாதி, அந்த மாதம் அவருக்கு இரவு வேலை. தலை கலைந்து, கண் சிவந்து, கையில் தலையணையோடு நின்றார். அதை வீசப்போகிறார் என்று நினைத்து ஹாசிக் ட்ரம்ஸுக்குப் பின்னால் குனிந்தான்.

சூசன் அக்கா வீசவில்லை. “உங்க கோவத்த நான் ஒண்ணும் சொல்லல லா தம்பி. கோவம் எல்லாருக்கும்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவாக் கோவப்படுங்க. எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி.”

அவர் போன பிறகு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பால்ராஜ் கித்தாரின் வயரைப் பிடுங்கினான். ஹாசிக் ட்ரம்ஸை விட்டுவிட்டு, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த காலி பிஸ்கட் டின்னின் மேல் துண்டை விரித்து விரலால் தட்டினான். அகல்யா பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், வாயைப் பெரிதாகத் திறக்காமல்.

“சரி போஸ், சரி போஸ்... நீங்க சொன்னா சரி போஸ்... நான் போட்ட கோப்பிய நீங்க குடிக்கிறீங்க போஸ்... அதுல என்ன போட்டேன்னு கேக்கலயே போஸ்...”

இரண்டு வருடமாக அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த பால்ராஜுக்கு அதில் கோப்பி வருவதே அன்றுதான் தெரியும். கத்தியபோது வெறும் சத்தமாக இருந்தது முணுமுணுத்தபோது மிரட்டலாக இருந்தது.

“அக்கா, ரொம்ப பயமா இருக்கு லா,” என்றான் ஹாசிக். “இன்னொரு தடவ பாடுங்க.”

முணுமுணு பங்க் பிறந்தது அப்படித்தான். பெயர் வைத்தது ஹாசிக். அன்று பதிவு செய்ததைக் குரல் செய்தியாகச் சிலருக்கு அனுப்பியபோது மேலே எதையாவது எழுத வேண்டுமே என்று எழுதினான்.

அது பரவிய வேகம்தான் ஆச்சரியம். மற்ற இசைக்கெல்லாம் கருவி வேண்டும், இடம் வேண்டும், பயிற்சி வேண்டும். இதில் பயிற்சி எல்லாருக்கும் ஏற்கெனவே இருந்தது. ஜாசின் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உரம் போடும் பெண்கள் ஐந்து பேர், மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் முதுகைத் திருப்பும் நேரமாகப் பார்த்து இரண்டு பாட்டு கட்டினார்கள். அலோர் காஜாவில் கல்யாணச் சமையல்காரர்கள் நால்வர் அண்டாவின் விளிம்பில் கரண்டியைத் தட்டி மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி முணுமுணுத்தார்கள். கிளேபாங்கில் சாலையோரக் கடைக்காரர் ஒருவர், படம் மட்டும் பிடித்துக்கொண்டு எதையும் வாங்காமல் போகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு தொகுப்பு வெளியிட்டார். எட்டு மாதத்தில் மாநிலத்தில் பதினொரு குழுக்கள். ஜாசின் பாணியில் பல் திறக்காது, அலோர் காஜா பாணியில் மூச்சு நீளம் என்று வேறுபாடுகளும் உண்டாகிவிட்டன.

பதினொரு குழுவையும் ஒரே நாள் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் என்ன என்று அகல்யாவுக்குத் தோன்றியது. மூடித் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு பால்ராஜ் பார்த்ததில்லை. பதினொரு குழுவுக்கும் அவளே பேசினாள், பட்டியல் போட்டாள், மண்டபத்துக்கும் போன் செய்தாள். மண்டபத்துக்காரர் நல்லவர்தான். “பேரவை கடிதம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

மலாக்கா மாநிலத் தமிழ்க்கலை அங்கீகாரப் பேரவை என்று ஒன்று இருப்பது பால்ராஜுக்கு அப்போதுதான் தெரியும். பேரவைக்கு இவர்களைத் தெரிந்திருந்தது. மறுவாரமே கடிதம் வந்தது. ‘தங்களது இசைவகை உரிய அனுமதியின்றித் தோன்றியதோடு நில்லாமல், பரவியும் வருவதாகப் பேரவையின் கவனத்துக்கு வந்துள்ளது. நேரில் வந்து விளக்கம் தருக.’

அகல்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹாசிக்குக்குக் கடை வேலை. பால்ராஜ் தனியாகப் போனான்.

பேரவை அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. சுவரில் முன்னாள் தலைவர்கள் ஏழு பேரின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஏழும் ஒரே ஆள், டத்தோ பட்டம் வாங்கிய கந்தசாமி. முடி மட்டும் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே வந்தது. எட்டாவது ஆளாக அவரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செயலாளர் ஜெயா அம்மையார், முத்திரைக் கட்டைகளோடு.

டத்தோ கந்தசாமி ஒருவரிடம் பேசினாலும் ஓராயிரம் பேருக்குப் பேசுவதுபோல்தான் பேசுவார்.

“இளைஞரே! இசையை வளர்ப்பதே இப்பேரவையின் மூச்சு. நான் இசை கேட்பதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவேதான் எனக்கு எந்த இசையிடமும் பாரபட்சம் கிடையாது. கடந்த முப்பது ஆண்டுகளில் நாற்பத்திரண்டு கலை வடிவங்களுக்கு அங்கீகாரம் அளித்துள்ளோம். அவற்றில் ஒன்றுகூட இன்று பேரவையின் பெயரைக் கெடுக்கும் நிலையில் இல்லை.”

“இப்ப அதெல்லாம் எங்க நடக்குது டத்தோ?”

“நடக்கவில்லை,” என்றார் டத்தோ பெருமையாக.

ஜெயா அம்மையார் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். பன்னிரண்டு பக்கம். இசைவகையின் பெயர். பிறந்த தேதி, நேரம். கோபத்தின் வகை. கோபம் யார் மீது. அந்தக் கோபத்தால் சமுதாயம் அடையும் நன்மைகள், மூன்று மட்டும். இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: நிறுவனர், ஒருவர்.

“மேடம், நாங்க மூணு பேரு. சொல்லப்போனா பக்கத்து வீட்டு அக்காவயும் சேத்தா நாலு.”

“கட்டம் ஒண்ணுதானே தம்பி இருக்கு.”

“முதல்ல பாடுனது அகல்யா. அவங்க பேர எழுதவா?”

“அவங்க வந்திருக்காங்களா? நிறுவனர்தான் நேர்ல கையெழுத்துப் போடணும். இன்னிக்கு விட்டா அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு.”

மூன்று மாதம் என்றால் மண்டபம் கைவிட்டுப் போய்விடும். பால்ராஜ் அதைத்தான் யோசித்தான். அதைத்தான் யோசித்தேன் என்று பிற்பாடு பல தடவை தனக்குத்தானே சொல்லியும் கொண்டான். ஆனால் அந்தச் சிறு கட்டத்தில் தன் பெயரை எழுதியபோது கையெழுத்து கொஞ்சம் அழகாகவே விழுந்தது. நிறுவனர் பால்ராஜ். டத்தோ எழுந்து கைகுலுக்க, ஜெயா அம்மையார் படம் பிடித்தார். கீழே இறங்கி வருகையில் கடைவீட்டுப் படிகள் ஏறும்போது இருந்ததைவிட அகலமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அகல்யாவிடம் பாரம் கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னான்.

அடுத்து தொழில்நுட்பச் சோதனை. பாரத்தில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்று எழுதியிருந்ததைப் பேரவை நிலத்தடி இசை என்று மொழிபெயர்த்துக்கொண்டது. நிலத்தடி இசைக்கு நிலத்தடியில்தான் சோதனை வைக்க வேண்டும் என்று விதி. ஆகவே ஒரு ஹோட்டலின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார்கள். ஜெயா அம்மையார் அளவு நாடாவோடு வந்து, சாய்தளத்தின் மேலிருந்து கீழ்வரை அளந்தார்.

“பதினொரு அடி. பதினஞ்சு இருந்தா முதல் தரம் கெடைக்கும். வேற எடம் இல்லயா?”

“மேடம், அண்டர்கிரவுண்ட்னா அது இல்ல,” என்றான் பால்ராஜ். “பெரிய கம்பெனி, டிவி, இதெல்லாம் இல்லாம, யாருக்கும் தெரியாம நாங்களா செய்யறது.”

“யாருக்கும் தெரியாதத நான் எப்படித் தம்பி சர்டிபிகேட்ல எழுதுவேன்?”

நடுவர்கள் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அகல்யா ‘சரி போஸ்’ பாடினாள். ஒருவர் காதில் கையை வைத்தார். இன்னொருவர் நாற்காலியை முன்னே நகர்த்தினார். மூன்றாமவர், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார். அப்போது பாட்டு முடிந்திருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் யாருடைய காரோ அலாரம் அடிக்கத் தொடங்கி, நான்கு நிமிடம் ஓயாமல் அலறியது. நடுவர்கள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். முடிவில் இடிமுழக்கத்துக்குப் பத்துக்கு மூன்று, காருக்கு எட்டு.

இருந்தாலும் பேரவை இரக்கப்பட்டது. நிபந்தனைகளோடு தேர்ச்சி என்று கடிதம் வந்தது. நிபந்தனைகள் ஒன்பது. முணுமுணுப்பு கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்க வேண்டும். கிழிந்த உடை அணியலாம். கிழிசல் இரண்டு அங்குலத்தை மீறக்கூடாது, ஓரம் தைத்திருக்க வேண்டும். முன் அனுமதியின்றிக் கோபப்படத் தகுந்தவை என்று ஒரு பட்டியல்: வெயில், கொசு, பொதுவான சோம்பேறித்தனம். மேலதிகாரி மீது கோபம் எனில், சம்பந்தப்பட்ட மேலதிகாரியிடமிருந்து ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட வேண்டும்.

பால்ராஜ் கடைசி நிபந்தனையை மூன்று தடவை படித்தான். ‘சரி போஸ்’ அகல்யாவின் சூப்பர்வைசர் பிராங்க்ளினைப் பற்றிய பாட்டு. அந்தத் தொழிற்சாலையின் ஏர்கோன்களைச் சர்வீஸ் செய்வது பால்ராஜின் கம்பெனி. பிராங்க்ளினின் அறை ஏர்கோன் அந்த வாரம் ஒழுகியது. எல்லாம் கூடி வருவதாக அவனுக்குப் பட்டது. அகல்யாவைக் கேட்டால் வேண்டாம் என்பாள். மண்டபம் கிடைத்த பிறகு சொன்னால் புரிந்துகொள்வாள். ஏணியின் மேல் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, பாட்டின் வரிகளை நீட்டினான்.

பிராங்க்ளின் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“என்னப் பத்தியா?”

“பொதுவா போஸ்ங்களப் பத்தி சார்.”

“இல்ல இல்ல, இது நான்தான். கோப்பி வருது பாரு.” அவர் முகம் மலர்ந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் தன்னைப் பற்றி யாரும் எதையும் எழுதியதில்லை என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு திருத்தமும் சொன்னார். போஸ் என்ற இடத்தில் பிராங்க்ளின் போஸ் என்று வந்தால் கேட்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது. கோப்பியில் சீனி குறைவு என்பதையும் சேர்க்க வேண்டும்.

மறுநாள் காலை, மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அகல்யாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பிராங்க்ளின் கேட்டார்: “எப்படிப் போகுது நம்ம பாட்டு?”

அன்று மாலை அவள் வேலை உடையோடு நேரே புக்கிட் காத்திலுக்கு வந்தாள். பால்ராஜ் விளக்கம் சொல்லச் சொல்ல, அவள் அவன் மேசையிலிருந்த பேரவைக் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பாரத்தின் நகலில், இரண்டாம் பக்கத்தில் நின்றது விரல்.

“நிறுவனர் பால்ராஜ்.”

“கட்டம் ஒண்ணுதான் இருந்துச்சு அகல்யா.”

“எழுதும்போது கை நடுங்கல போல. நல்லா வடிவா எழுதிருக்க.”

“மண்டபத்துக்காகத்தான்...”

“அந்தாளப் பத்தி நெஞ்செரிஞ்சு எழுதுன பாட்டு அது. இன்னிக்கு அவரு அத விசிலடிச்சுக்கிட்டே என் பக்கத்துல நடக்குறாரு. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் லா. நான் வேல முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான். அதப் போய் அவருக்கே கொடுத்திட்டியே.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பால்ராஜ் நினைத்தான். கோப்பை மூடி மேசை விளிம்போடு நேராக வைத்துவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஹாசிக் வந்து பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தட்டாமல் உட்கார்ந்திருந்தான். “அண்ணே, ஒரு சாரி சொல்லிருங்கண்ணே,” என்றான். பால்ராஜ் சொல்லித்தான் பார்த்தான். அனுப்பிய பதினாறு செய்திகளுக்கும் பதில் இல்லை.

இதற்கிடையில் மண்டபம் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் அது யாருக்குக் கிடைத்தது என்று தெரிந்தது. பதினொரு குழுவின் சந்திப்பு, ‘முணுமுணு பங்க் அங்கீகாரப் பெருவிழா’ ஆகியிருந்தது. அழைப்பிதழில் டத்தோ கந்தசாமியின் படம் பெரிதாகவும், சிறப்பு வருகையாளரின் படம் அதைவிடப் பெரிதாகவும் இருந்தன. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, தொடக்கவுரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆறு, சிறப்புரை, நன்றியுரை. அவற்றுக்கிடையில் ‘இசை (நேரமிருப்பின்)’.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். உரம் போடும் பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். அலோர் காஜா சமையல்காரர்கள் கரண்டிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். சூசன் அக்கா இரவு வேலை முடிந்து நேரே வந்து மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் பிராங்க்ளின், புதுச் சட்டையில். மண்டபத்தின் பின்னால் பிரியாணி அண்டாக்கள் மூடியபடி வரிசையாக இருந்தன. மணம் மட்டும் மூடியிருக்கவில்லை. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, அகல்யா உட்கார்ந்திருப்பதை மேடையின் ஓரத்திலிருந்து பால்ராஜ் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

சிறப்பு வருகையாளர் வந்துகொண்டிருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. பதினொன்றரைக்கும் அதையே சொன்னது. சும்மா இருக்கக்கூடாது என்பதற்காகப் பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். டத்தோவுக்கு மட்டும் பதினேழு பொன்னாடை. போர்த்தப் போர்த்த அவர் அகலமாகி, கடைசியில் முகம் மட்டும் தெரிந்தது. பிறகு வாழ்த்துரைகள். வாழ்த்த வந்த ஆறு பேரும், நேரம் கருதிச் சுருக்கமாகப் பேசுவதன் அவசியத்தை விரிவாகப் பேசினார்கள்.

ஒன்றேகாலுக்கு டத்தோ எழுந்தார்.

“இளைஞர்களின் கோபத்தை இப்பேரவை ஒருபோதும் தடுத்ததில்லை. ஒத்திவைத்திருக்கிறோம், அவ்வளவே! இன்று இந்த இசைக்குப் பாடத்திட்டம் தயார். எட்டு நிலைகள். எட்டாம் நிலையில் தேர்ச்சி பெறுபவர் முணுமுணுக்கும் தகுதியை அடைவார். அதுவரை அவர் அமைதியாக இருக்கலாம். ஓர் இசை மக்களிடம் இருந்தால் அது தொலைந்துபோகும். எங்களிடம் கொடுத்தால் அலமாரியில் பத்திரமாக இருக்கும்!”

கைதட்டல் வந்தது. உரை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள். முடியவில்லை.

இரண்டு மணிக்கு நிறுவனருக்குக் கேடயம் வழங்கும் அங்கம். பால்ராஜை அழைத்தார்கள். கேடயத்தில் அவன் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. ஜெயா அம்மையார் மைக்கை நீட்டி, “ஒரு நிமிஷம்தான் தம்பி, நன்றி மட்டும்,” என்றார்.

பால்ராஜ் மைக்கைப் பிடித்தான்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பாட்டெல்லாம் நான் ஆரம்பிக்கல. பாரத்துல நான் பொய் எழுதிட்டேன். மொதல்ல முணுமுணுத்தது அகல்யா. பாட்டும் அவங்களுதுதான். கேக்காம அத எடுத்து அதிகாரிங்ககிட்டக் கொடுத்ததும் நான்தான். அங்க கடைசி வரிசையில இருக்காங்க. இந்தக் கேடயம்...”

மைக் நின்றுவிட்டது. ஜெயா அம்மையார் கீழே யாருக்கோ சைகை காட்டியிருந்தார். மேடையில் சலசலப்பு. கேடயத்தில் பொறித்த பெயரை மாற்ற மேல்முறையீடு வேண்டும், மேல்முறையீட்டுக்கு நிறுவனரின் கையெழுத்து வேண்டும், நிறுவனரோ நிறுவனர் இல்லையென்று இப்போதுதான் சொல்லிவிட்டார் என்று அம்மையார் கையைப் பிசைந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஓடி வந்து டத்தோவின் காதில், சிறப்பு வருகையாளர் ஜொகூரில் வேறொரு விழாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே வரமாட்டார் என்று சொன்னார்.

டத்தோ கந்தசாமி மேடையின் ஓரமாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றார். பதினேழு பொன்னாடைக்கும் அடியில், அவர் சட்டையில் ஒரு சிறிய மைக் குத்தியிருந்தது. அதை யாரும் அணைத்திருக்கவில்லை.

“வரமாட்டானாம்,” என்றது ஒலிபெருக்கி, தாழ்ந்த குரலில். “வருவேன் வருவேன்னு... வரவே மாட்டானாம். பெரிய இவன்... அவன் படத்தப் பெருசாப் போடுன்னு... என் படத்தச் சின்னதாக்கி... கழுத்து அரிக்குது... துணியா இது, சாக்கு... முப்பது வருசம்... முப்பது வருசமா மாலையும் சாக்கும்... முட்டி வலிக்குது... உக்காருன்னு ஒருத்தன் சொல்லல... பசிக்குது... எனக்கு முன்னாடி எவனும் சாப்புடக் கூடாதாம்... நான் அவனுக்கு முன்னாடி சாப்புடக் கூடாதாம்... பிரியாணி ஆறுது... கலையாம் கலை...”

பால்ராஜ் வாயைத் திறந்தபடி நின்றான். பல் திறக்கவில்லை, மூச்சு அறுபடவில்லை. ஜாசினும் அலோர் காஜாவும் ஒன்றாகச் சேர்ந்த சுத்தமான பாணி அது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு முணுமுணுப்பை அவன் கேட்டதில்லை.

ஹாசிக்கால் பொறுக்க முடியவில்லை. விரல்கள் தாமாகவே பிஸ்கட் டின்னில் விழுந்தன. டக்... டடக்... டக். டத்தோ பின்பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருடைய வார்த்தைகள் தாளத்தில் போய் உட்கார்ந்தன. அலோர் காஜா கரண்டிகள் துணியிலிருந்து வெளியே வந்து நாற்காலிக் கால்களைத் தட்டின. உரம் போடும் பெண்கள் வாய் அசையாமல் தொடங்கினார்கள். காலை பத்து மணியிலிருந்து பசியோடு உட்கார்ந்திருந்த அறுநூறு பேரும் என்ன சொன்னார்கள் என்று தனித்தனியாகக் கேட்கவில்லை. மொத்தமாக நன்றாகவே புரிந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பிராங்க்ளின் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று முணுமுணுத்தார்.

கடைசி வரிசையிலிருந்து அகல்யா எழுந்து நடந்து வந்தாள். மேடையேறி, பால்ராஜ் கொண்டுவந்து சுவரில் சாய்த்திருந்த பேஸ் கித்தாரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அகல்யா, நான்...”

“பேசாத லா. டத்தோ ஸ்கேல் மாத்துறாரு, கவனி.”

பதினொரு நிமிடம் ஓடியது. டத்தோ எல்லாவற்றையும் சொல்லி முடித்துத் திரும்பியபோது, அறுநூறு பேர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கென்று கேட்டுப் பழக்கமும் இல்லை. தலைக்கு மேல் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். கண் ஓரம் கொஞ்சம் ஈரமாக இருந்ததை அருகில் நின்ற பால்ராஜ் மட்டும் பார்த்தான். பிறகு யாரும் யாருக்கும் காத்திராமல் பிரியாணி சாப்பிட்டார்கள்.

மூன்று வாரத்தில் பேரவையின் தீர்மானம் அச்சாகி வந்தது. நடந்ததை ஆராய்ந்த குழு, முணுமுணு பங்கின் நிறுவனர் டத்தோ கந்தசாமி என்று ஒருமனதாகக் கண்டறிந்திருந்தது. தோன்றிய இடம், விழா மேடை. தோன்றிய நேரம், பிற்பகல் இரண்டு மணி ஏழு நிமிடம். அதற்கு முன் மாநிலத்தில் எங்கும் யாரும் முணுமுணுத்ததற்கு ஆவணம் இல்லை. இனி அந்தப் பெயரில் முணுமுணுக்க விரும்புவோர் நிறுவனரின் எழுத்துப்பூர்வமான இசைவைப் பெற வேண்டும்.

பால்ராஜ் கடிதத்தை அகல்யாவிடம் நீட்டினான். முதலில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். அவள் படித்து முடித்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

“பேர அவங்களே வச்சுக்கட்டும்,” என்றாள். “நமக்கு அந்தப் பேரு வேணாம்.”

“உன் பாட்டு?”

“பிராங்க்ளின் சாருக்கே கொடுத்தாச்சு. புதுசு மூணு எழுதிட்டேன். ஒண்ணு உன்னப் பத்தி.”

“பாடிக் காட்டு.”

“உன் ஒப்புதல் கடிதம் வந்தா பாடுறேன்,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்கள். மண்டபம் இல்லை, பேனர் இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால், துணி காயும் கயிறுகளுக்கு அடியில் உட்கார்ந்து தொடங்கினார்கள். இரண்டாவது பாட்டு பால்ராஜைப் பற்றியது. அதில் ஒரு சிறு கட்டமும் அழகான கையெழுத்தும் வந்தன. பால்ராஜ் தலையைக் குனிந்தபடி கித்தார் வாசித்தான். ஒரு இடத்திலும் தப்பவில்லை.

துணி எடுக்க வந்த ஓர் அம்மா, கையில் வாளியோடு நின்று முழுப் பாட்டையும் கேட்டார். பெயர் அஞ்சம்மா என்றார். அறுபது வயதிருக்கும்.

“என்ன தம்பி இது? பாட்டா?”

பால்ராஜ் பதில் சொல்ல வாயெடுத்து, பேரவையின் கடிதத்தை நினைத்து நிறுத்தினான். “பேரெல்லாம் இல்லம்மா. சும்மா பேசிக்கிட்டிருக்கோம் லா.”

அஞ்சம்மா லைன் வீடுகளின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“அப்படின்னா நானும் பேசலாமா?”

“பேசுங்கம்மா.”

அவர் தொடங்கினார். ஹாசிக் டின்னில் தாளத்தைத் தேடிப் பிடித்தான். அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றில் துணிகள் எல்லாம் காய்ந்து, வெயில் சாய்ந்து, மழை தூறத் தொடங்கியும் அஞ்சம்மா முடிக்கவில்லை. முதல் எஜமானைப் பற்றியே இன்னும் பாதிதான் சொல்லியிருந்தார்.